அணைக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்

இடுக்கிப் பக்கம் சேர்ந்தாற்போல இரண்டு நாள் மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும். இந்த வாரமும் உடைந்தது. கம்ப்யூட்டரில் செய்த படம். வழுவழுப்பான சிமெண்ட் அணை ஒன்று நடுவில் பிளக்கிறது, தண்ணீர் சீறுகிறது, கீழே ஒரு நகரமே அடித்துக்கொண்டு போகிறது. பின்னால் இருந்த மலையில் பனி மூடியிருந்தது. தேக்கடியில் எப்போது பனி கொட்டியது என்று யாரும் கேட்கவில்லை. வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்தான் விழுந்தன.

அனுப்பியவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. போன் போட்டேன். "நூத்தி முப்பது வருஷம் ஆச்சுப்பா. மனுஷனே அவ்வளவு நாள் தாங்க மாட்டான், கல்லு தாங்குமா?" என்றார். மனுஷன் தாங்காததைத் தாங்கத்தானே மாமா கல்லில் கட்டுகிறோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. பெரியவர் என்று விட்டுவிட்டேன். ஆனால் மாமா தனி ஆள் இல்லை. தொலைக்காட்சி விவாதத்தில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவரும் இதையேதான் சொல்கிறார். கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்கிறார், அவ்வளவே. 1895-ல் கட்டியது, ஆகவே உடையும். இதற்குப் பெயர் பொறியியல் இல்லை. பிறந்த தேதியைக் கேட்டதும் ஆயுளைச் சொல்வதற்கு வேறு பெயர் இருக்கிறது, அதற்கு நம்மூரில் தட்சணையும் வாங்குவார்கள்.

இந்த ஜாதகக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். தளவானூருக்கு என்ன வயது?

விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூருக்கும் எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்து ஏனாதிரிமங்கலத்துக்கும் நடுவே, தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். செலவு 25 கோடி ரூபாய்க்கு மேல். 2020-ல் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஏனாதிரிமங்கலம் பக்கத்துக் கரைச் சுவர் இடிந்து விழுந்தது. முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் எழுத்தின் பெயின்ட் மங்கியிருக்காது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் சேதமாகி, தண்ணீர் ஊருக்குள் திரும்பாமல் இருக்க மிச்சம் நின்றதில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. பிறந்து, இடிந்து, வெடி வைக்கப்பட்டு, எல்லாமே ஏறக்குறைய ஒரு வருடத்தில். மூப்பு வந்து இறந்தது என்று யாராவது சான்றிதழ் கொடுக்க முடியுமா?

"அது தடுப்பணைங்க, அதையும் பெரிய அணையையும் ஒண்ணா வைக்கலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாக வைக்க வேண்டாம். பெரியதாகவே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை. மண் அணை, ஏறத்தாழ 300 அடி உயரம். கட்டியது அந்த நாட்டு அரசின் நீர்த்தேக்கத் துறை. ஹூவர் அணையைக் கட்டிய அதே துறை. 1975-ல் வேலை முடிந்து, முதல்முறையாகத் தண்ணீரைத் தேக்கிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலையில் அணையின் கீழ்ச்சரிவில் கசிவு தெரிந்தது. முதலில் சின்ன ஈரம், பிறகு ஓட்டை, ஓட்டையிலிருந்து சேற்றுத் தண்ணீர். இரண்டு புல்டோசர்களை இறக்கி மண்ணைத் தள்ளி அடைக்கப் பார்த்தார்கள். ஓட்டை இரண்டையும் விழுங்கியது; ஓட்டியவர்கள் தப்பினார்கள். நண்பகலுக்குச் சற்று முன் அணை மொத்தமாகப் போயிற்று. 11 பேர் செத்தார்கள். முப்பதுகளில் கட்டிய ஹூவர் கிழம் இன்னும் நிற்கிறது.

குஜராத்தில் மச்சு-2 அணை. 1972-ல் கட்டி முடித்தது, 1979 ஆகஸ்ட் 11 அன்று உடைந்தது. மதகுகள் வெளியேற்றக்கூடிய அளவை மிஞ்சி வெள்ளம் வந்து, இருபுறமும் இருந்த மண் கரைகளின் தலைக்கு மேல் ஏறி ஓடி, கரைகளைக் கரைத்துக்கொண்டு மோர்பி நகரத்தின் மேல் இறங்கியது. செத்தவர்களின் கணக்கு இன்றுவரை சரியாக இல்லை. ஆயிரக்கணக்கில் என்பது மட்டும் உறுதி. அணையின் வயது ஏழு. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அதே 1979-ல்தான் முல்லைப் பெரியாறு உடையும் என்ற பீதி கேரளத்தில் பெரிதாகக் கிளம்பியது. அங்கே நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். உடைந்தது ஏழு வயது அணை, அந்த வருடம் தண்டனை வாங்கியது எண்பத்து நாலு வயது அணை.

சிக்கிமில் டீஸ்டா-3 திட்டத்தின் சுங்தாங் அணை 2017-ல் இயங்க ஆரம்பித்தது. 2023 அக்டோபர் 4 அன்று மேலே பனியேரி உடைந்து வந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. வயது ஆறு. பிரான்சில் மால்பாஸே அணை 1954-ல் கட்டி 1959-ல் உடைந்து 423 பேரைக் கொன்றது. வயது ஐந்து. பட்டியலை நீட்டலாம், அவசியமில்லை. பெரிய அணைகளுக்கான பன்னாட்டு ஆணையம் உடைந்த அணைகளின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், சுமார் 70 சதவீதம் முதல் பத்து ஆண்டுக்குள் உடைந்தவை. அதிலும் முதல் வருடம்தான் அதிகக் கண்டம். ஜாதகமே பார்ப்பது என்றால் அதையாவது ஒழுங்காகப் பாருங்கள். பயப்பட வேண்டியது பாட்டனைப் பார்த்து இல்லை, பேரனைப் பார்த்து. தளவானூரைப் பார்த்து.

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனம் 2021 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் பெரிய அணைகளில் மூப்பின் அறிகுறிகள் தென்படும், இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் 2025-ல் ஐம்பதைத் தொடும் என்றெல்லாம் அதில் இருந்தது. முல்லைப் பெரியாறும் பெயர் சொல்லி இருந்தது. பராமரிப்பு, கண்காணிப்பு என்று அறிக்கை பேசியதெல்லாம் போக, நம்மவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஐம்பதை மட்டும்தான். அரசு ஊழியருக்கு ஐம்பத்தெட்டிலிருந்து அறுபதாக ஓய்வு வயதை நீட்டிய தேசத்தில், அணைக்கு மட்டும் ஐம்பதிலேயே பணி ஓய்வு!

அணையின் ஆபத்தை எப்படித்தான் அளப்பது? அளக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் விவாதத்துக்குக் கூப்பிடுவதில்லை. அணையின் உள்ளே சுரங்க நடை ஒன்று இருக்கும். கசிந்து வரும் தண்ணீர் அங்கே ஒரு சின்ன வாய்க்காலில் சேரும். வாய்க்காலின் குறுக்கே ஓர் இரும்புத் தகடு, அதில் முக்கோணமாக ஒரு வெட்டு. வெட்டின் வழியாகத் தண்ணீர் எத்தனை உயரத்தில் வழிகிறது என்று பார்த்தால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் கசிவு என்று கணக்கு வந்துவிடும். ஒரு ஆள், ஒரு டார்ச் லைட், ஒரு நோட்டு. கல் அணையில் கசிவு இருப்பது குற்றமில்லை. நீர்மட்டம் ஏறாதபோதும் கசிவு ஏறுகிறதா, நேற்றுவரை தெளிவாக வந்தது இன்று கலங்கி வருகிறதா என்பதுதான் கேள்வி. கலங்கல் என்றால் உள்ளேயிருந்து எதையோ அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். டீட்டனில் வந்தது அந்தக் கலங்கல்தான். அடுத்து, வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளத்தை உபரிநீர்ப் போக்கிகள் விழுங்குமா என்று பார்ப்பார்கள். மச்சு-2 செத்தது அங்கே. ஷட்டர் ஏறி இறங்குகிறதா, அடியில் இருந்து மேல்நோக்கி அழுத்தும் நீரின் விசை எவ்வளவு, கீழே எத்தனை ஊர், எத்தனை சனம். கடைசியாகத்தான் எந்த வருடம் கட்டியது என்ற பேச்சு வரும். அதுவும் என்ன பொருளில் கட்டினார்கள், எந்தக் கால மழைக்கணக்கை வைத்துக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இனி முல்லைப் பெரியாறுக்கே வருகிறேன். பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் இன்று அங்கே நிற்பது வெறும் பென்னிகுயிக் அணை இல்லை. 1979-க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, இரும்பு வடங்களை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். முதுகுப் பக்கம் கான்கிரீட் சுவர் எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள். நீதிபதி ஆனந்த் தலைமையில் குழு வந்தது, சோதித்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடி தேக்கலாம் என்றது. அதன் பிறகு கண்காணிப்புக் குழு, அதற்கொரு துணைக் குழு. துணைக் குழுவில் கேரள அதிகாரியும் தமிழக அதிகாரியும் மத்திய அரசு அதிகாரி முன்னால் நின்று, பதிமூன்று ஷட்டர்களையும் இயக்கிப் பார்த்து, கசிவு நீரை அளந்து, எண் சரியா என்று ஒருவர் நோட்டை ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள். தேனி பக்கத்துச் செய்தித்தாளில் முல்லைப் பெரியாறின் கசிவு லிட்டர் கணக்கில் வருகிறது. உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற அணையின் கசிவு எத்தனை லிட்டர் என்று எந்தப் பத்திரிகையிலாவது படித்திருக்கிறீர்களா?

இரண்டு மாநிலம் சண்டை போடுவதால் அந்த அணை பிழைத்தது. ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குற்றம் தேடுகிறார். இன்னொருவர் குற்றம் கிடைத்துவிடக் கூடாதே என்று சரிசெய்கிறார். இப்படியொரு கவனிப்பு தமிழ்நாட்டின் வேறெந்த அணைக்குக் கிடைத்திருக்கிறது? தளவானூருக்கு இரு கரையிலும் ஒரே மாநிலம். சண்டை போட ஆள் இல்லை. இடிந்த பிறகு பொறியாளர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள்.

முக்கொம்பைச் சொல்லி என்னை மடக்கலாம் என்று நினைப்பீர்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அது; 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தில் அடுத்தடுத்து ஒன்பது ஷட்டர்கள் சரிந்தன. பழசு, போயிற்று, பார்த்தீர்களா என்பீர்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். அதே ஆகஸ்ட் மாதம் கேரளமே வெள்ளத்தில் மூழ்கியபோது, முல்லைப் பெரியாறு 142 அடியை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டுமே பழசு. ஒன்றுக்கு உச்ச நீதிமன்றம் காவல். இன்னொன்றுக்கு உடைகிற வரைக்கும் யார் காவல்? முக்கொம்பு விழுந்ததும் அரசுத் தரப்பிலிருந்து வந்த முதல் விளக்கமே அதன் வயதுதான். ஆற்றில் மணலை அள்ளி அள்ளிப் படுகையை இறக்கிவிட்டார்கள், அணையின் காலடி மண் போய்விட்டது என்று விவசாயிகள் கத்தினார்கள். மணலால் இல்லை என்று உடனே மறுப்பு வந்தது.

பழசு ஆகவே உடையும் என்ற நம்பிக்கையின் மேல் எனக்கு உள்ள கோபத்தின் வேர் இதுதான். வயது என்பது வாய் திறந்து பதில் சொல்லாத குற்றவாளி. அதன் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் மெமோ கொடுக்க வேண்டியதில்லை. மணல் குவாரிக்காரர் பெயர் வராது. கிரீஸ் வாங்கிய பில் எங்கே என்று கேட்க வேண்டாம். அதைவிட முக்கியம், புதிதாகக் கட்டலாம். பழைய ஷட்டருக்கு எண்ணெய் போட்டால் திறப்பு விழா நடத்த முடியாது, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது, யாருக்கும் எத்தனை சதவீதம் என்ற பேச்சும் எழாது. புது அணை என்றால் எல்லாமே உண்டு. தளவானூர் மாதிரி.

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் வீணாய்ப் போயிற்று. 2022 செப்டம்பர் 21 அன்று நள்ளிரவுக்குப் பிறகு பரம்பிக்குளத்தில் ஷட்டரைத் தாங்கும் சங்கிலி அறுந்து வினாடிக்கு 20,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் ஓடியது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ராவில் பத்தொன்பதாவது மதகின் சங்கிலி அறுந்தது. மூன்றிலும் அணை நின்றது. போனது ஷட்டர், சங்கிலி. சங்கிலியை மாற்றலாம். அதற்கு ஜோசியர் வேண்டாம். ஏறிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், மாற்றச் சொன்னால் மாற்றுவதற்குப் பணம் வேண்டும். முன்பெல்லாம் அணையிலும் மதகிலும் லஸ்கர் என்று ஒருவர் இருப்பார். அங்கேயே குடியிருப்பார். ஷட்டர் இறங்கும் சத்தம் மாறினால் அவருக்குத் தெரியும், கரையில் எலி வளை போட்டால் தெரியும். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு உதவிப் பொறியாளர் நாலு இடத்தைச் சேர்த்துப் பார்க்கிறார். அவரையும் தேர்தல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அணைப் பூங்காவில் சிமெண்ட் யானைக்கு வருடா வருடம் வர்ணம் அடிக்கப்படுகிறது. சுற்றுலாப் பயணி படம் எடுப்பது யானையைத்தானே, சங்கிலியை இல்லையே.

சொல்ல வந்ததால் வண்டலையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று இன்றும் தினசரி எழுதுகிறோம். அது 1934-ல் அணையைத் திறந்த காலத்துக் கணக்கு. தொண்ணூறு வருடம் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் எங்கே போயிற்றாம்? அணையின் வயதைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறவர்கள் அதன் வயிற்றில் சேர்ந்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை. வண்டல் சேர்ந்த அளவுக்கு, வருகிற வெள்ளத்தை அணைக்குள் பிடித்து வைக்க இடம் குறைகிறது. அந்த அளவுக்குக் கீழே திறந்துவிட வேண்டிய தண்ணீர் கூடுகிறது. இதுவும் ஆபத்துக் கணக்கில் வரவேண்டியதுதான். பீதி கிளப்பப் பொருத்தமான படம் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நம் பக்கத்துப் பெருமைக்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. முல்லைப் பெரியாறு என்றதும் கல்லணையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "ரெண்டாயிரம் வருஷமா நிக்குது சார், கரிகாலன் கட்டினது." கல்லணை உயரமாகத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணையே இல்லை, ஆற்றைப் பிரித்துத் திருப்பி விடுவது. வெள்ளைக்காரன் காலத்தில் அதைத் திருத்தினார்கள், மணற்போக்கி வைத்தார்கள், பாலம் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கை வைத்துச் சரிசெய்ததால் நிற்கிறதே தவிர, வயது கொடுத்த வரத்தால் இல்லை. பழசு ஆகவே உடையும் என்பதும், பழசு ஆகவே உடையாது என்பதும் ஒரே பஞ்சாங்கத்தின் இரண்டு பக்கம். தளவானூரைக் கட்டியவர்களும் கரிகாலன் வாரிசுகள்தான் என்பதைப் பெருமைக்காரர்கள் மறக்க வேண்டாம்.

பஞ்சாங்கத்தை மூடிவிட்டுச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 2021-ல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் அதற்குள் வருகின்றன. அதைவிடக் குட்டையான தளவானூர்கள் பெரும்பாலும் வராது. அதையும் யாராவது நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். சட்டத்தில் வருகிற ஒவ்வோர் அணையையும் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை ஆய்வு செய்தாக வேண்டும். உடைந்தால் எந்த ஊரை எப்படிக் காலி செய்வது என்ற அவசரத் திட்டம் எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு மேலே ஓர் அணை இருந்தால், கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், ஷட்டர் பற்றி என்ன எழுதினார்கள், கசிவு எவ்வளவு, அவசரத் திட்டம் தயாரா என்று நீர்வளத் துறையைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.